முதல் நனைதல்

கெராந்து உப்பளத்தில் எனக்கு வேலை
வண்டுகளை நீரில் அமுக்கிவிட்டு நொடி எண்ணுவது.
அரிசி நீளம்தான் இருக்கும்,
பச்சை ஓடிய வெண்கலம்.
முதுகில் பெயின்ட் வைப்பேன்:
வெள்ளை என்றால் ஓதக் கால்வாய்,
மஞ்சள் என்றால் கைவிட்ட பாத்தி.

கால்வாய்க்குக் கடல் நாளுக்கு இருமுறை வந்துபோகும்.
அங்கே வளர்ந்தது, தண்ணீர் ஏறினால்
புல்லின் தூரைக் கட்டிக்கொண்டு
மூச்சடக்கிக் கிடக்கும். வடியும் என்று அதற்குத் தெரியும்.
பாத்தியில் தேங்கும் மழைநீரோ
வந்தால் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடும்.
காத்திருந்தால் சாவுதான்.
அங்குள்ளதற்கு நீண்ட இறக்கை,
கால் நனைந்ததும் மேலேறும், பறக்கும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு மண்வரப்பு,
நான் ஒரே எட்டில் தாண்டுவேன்.

இறக்கையின் நீளம் பரம்பரை எழுத்திலேயே இருக்கிறது
என்கிறான் லீவன், பெல்ஜியத்துக்காரன்.
விரிப்பதா கிடப்பதா என்பது எங்கே இருக்கிறது
என்று தேடிக்கொண்டிருக்கிறான்.
எழுத்தின் மேல் மெத்தில் ஒட்டினால்
சில இடங்களில் அந்த எழுத்து வாய் மூடிக்கொள்ளுமாம்.
எனக்கு அது புதிதாகப் படவில்லை.
என் மொழியில் க-வின் தலையில் ஒரு புள்ளி போதும்,
உயிர் போய்விடும், மெய் நிற்கும்.
ஆனால் இந்த வண்டில் அந்தப் புள்ளியை
அவனும் இன்னும் பார்க்கவில்லை.

செப்டம்பர்ப் பெருக்கில் இரவு இரண்டு மணிக்கு
ரோஸென் கெர்வாடெக்கின் மதகு உடைந்தது.
அவள் முழங்கால் தண்ணீரில் நின்று
உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினாள்.
நாந்த் நகரில் மூன்றாம் மாடியில் வளர்ந்த அவள் மகன்
காரை மேட்டுக்கு ஓட்டிப்போய்
அங்கிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
"அம்மா, வா!"
"ஆறு மணிக்கு வடிஞ்சுடும்" என்றாள்.
ஆறே காலுக்கு வடிந்தது.

மதகைச் சரிசெய்யப் பதினோரு நாள்.
பதினோரு நாளும் கடல்
பாத்திக்குள் வந்து வந்து போனது,
கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்து
ஓடு இன்னும் கெட்டிப்படாத வண்டுகளின் மேல்.

அக்டோபரில் மஞ்சள் புள்ளிகளைத் தட்டில் அமுக்கினேன்.
இருபது நொடியில் மேலே வரவேண்டியவை.
அறுபது.
இருநூறு.
தேநீர் ஆறிப்போனது.
ஒன்றைப் பிடித்து ஊசியால் முதுகோட்டைத் தூக்கினேன்.
இறக்கை இருந்தது. முழுசாக,
மடிப்புக் கலையாத புதுத்துணி மாதிரி.

லீவன் போனில் கத்தினான், சந்தோஷத்தில்.
முட்டைக்கும் இது போகுமா என்று
வசந்தத்தில் பார்த்துவிடலாம் என்றான்.
வசந்தம் வரட்டும். முதலில் நவம்பர் வருகிறது.

மதகு இப்போது பலமாக இருக்கிறது.
இனி பாத்திக்குள் வரப்போவது மழை,
வந்தால் போகாத தண்ணீர்.
வடியும் என்று கற்றுக்கொண்டவை
தூரைப் பிடித்துக்கொண்டு
காத்திருக்கப்போகின்றன.

மதகைத் திறக்க முடியுமா என்று ரோஸெனிடம் கேட்டேன்.
"பூச்சிக்காகவா?" என்றாள்.
கடன் பாக்கி எவ்வளவு என்றும் சொன்னாள்.

முதல் மழை பிடித்த அன்று
நெற்றி விளக்கும் தயிர் டப்பாவுமாகப் போனேன்.
நூற்று நாற்பத்தொன்று கிடைத்தன.
வரப்பைத் தாண்டிக் கால்வாய்ப் பக்கம் கவிழ்த்தேன்.
கொட்டகை வாசலில் நின்று
ரோஸென் பார்த்துக்கொண்டிருந்தாள், எதுவும் கேட்கவில்லை.
கிடைக்காதவை எத்தனை என்று எனக்குத் தெரியாது.

மூன்று வருட ஆய்வு. ஏட்டில்
மஞ்சள் வரிசைக்கு நேரே
"காணவில்லை" என்று எழுதினேன்.
மை ஈரத்தில் பரவியது.