நாற்பத்து மூன்று பேருக்கு

நான்கு நாற்பதுக்கு அனுப்பினேன்.
ஜன்னல் கண்ணாடியில் உப்பு.
மேடன் வார்ஃப் பக்கம் கிரேன் ஒன்று
பெட்டியைத் தூக்கிக்கொண்டு யோசித்தபடி நின்றது.
மேஜையில் கால் ரொட்டிக்குள் ஊற்றிய பீன்ஸ் குழம்பு,
ரொட்டியின் சுவர் ஊறிச் சரிந்துகொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான்:
அரிசிக் கன்டெய்னர் ஒன்று ஆறு நாளாகத் துறைமுகத்தில்.
வாடகை ஏறுகிறது. ஒரு தாள் வரவில்லை.
நான்காம் மாடி நொம்புசோவுக்கு
மூன்று மடல் போட்டிருந்தேன்.
மூன்றுக்கும் தலைப்பு: அவசரம்.

நான்காவதைப் பெரிய எழுத்துகளில் அடித்தேன்.
ஆங்கிலத்துக்கு அந்த வசதி உண்டு,
ஒரு பொத்தானை அழுத்தினால்
விரல் நுனியில் தொண்டை முளைத்துவிடும்.
உனக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன்.
கேள்விக்குறி மூன்று.
அவளுக்கு மட்டும் என்று நினைத்து
எல்லோருக்கும் பதில் என்பதை அழுத்தினேன்.

கேப் டவுன் கிளை, ஆறாம் மாடி முதலாளி,
துபாயில் நான் முகமே பார்த்திராத யாரோ,
போன வாரம் ஓய்வு பெற்ற லோகாந்திரனின்
இன்னும் மூடாத பெட்டிக்கும் ஒன்று.

திரும்பப் பெறு என்று ஒரு வழி இருக்கிறதே,
அழுத்தினேன்.
அது என்ன செய்யும் என்று அன்றுதான் தெரிந்தது.
சரோஷினி தன் மடலைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்று
நாற்பத்து மூன்று பேருக்கும் தண்டோரா போடும்.
அதுவரை திறக்காதவர்களும் திறந்தார்கள்.
நெல்லைக் கொட்டினால் அள்ளலாமாம்.
என் நெல் துறைமுகத்தில் பூட்டிக் கிடந்தது,
சொல்தான் ஊரெல்லாம் சிந்திக் கிடந்தது.

ஐந்துக்கு மின்சாரம் போயிற்று, அட்டவணைப்படி.
டர்பனில் இருட்டுக்கும் நேர ஒழுங்கு உண்டு.
ரௌட்டரின் பச்சைக் கண் அணைந்தது.
இரண்டரை மணி நேரம்
மன்னிப்பும் கேட்க முடியாது,
யார் என்ன சொன்னார்கள் என்றும் பார்க்க முடியாது.
சாட்ஸ்வர்த்துக்கு டாக்சி பிடித்திருக்கலாம்.
உட்கார்ந்திருந்தேன்.

தமிழில் பெரிய எழுத்தே கிடையாது.
நாற்பது வயதில் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போய்
எழுத்துக் கூட்டத் தொடங்கியபோது
அது ஒரு குறையாகப் பட்டது எனக்கு.
கடவுளுக்கும் கடைக்காரருக்கும் ஒரே உயரம்.
வேண்டுமானால் அளபெடை இட்டு நீட்டலாம்,
அதுவும் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடத்தான் தோது,
அதட்ட அல்ல.

ஏழரைக்கு விளக்கு வந்தது.
நொம்புசோவின் மடல் இருந்தது,
நான்கு ஐம்பத்தேழுக்கு, எனக்கு மட்டும்.
தலைப்பிலேயே பெட்டி எண், கப்பல் பெயர்,
வெள்ளி நண்பகலுக்குள் உங்கள் கையெழுத்து தேவை.
உள்ளே மூன்று வரி:
தாளைத் திங்களன்றே பொதுக் கோப்புறையில் வைத்தேன்.
திறக்கச் சிரமம் என்றால், நகலை இணைத்திருக்கிறேன்.
இரண்டாம் பக்கம் மட்டும் பாருங்கள், நன்றி.

கோப்புறை கூப்பிட்டுத்தான் இருக்கும்.
அறிவிப்புகளின் வாயை நான்தான் அடைத்திருந்தேன்,
சத்தம் பிடிக்கவில்லை என்று.

இரண்டு முறை படித்தேன்,
எங்காவது ஊசி ஒளிந்திருக்கிறதா என்று.
'ஏற்கெனவே தெரிவித்தபடி' என்று ஒன்று உண்டே
அலுவலகத்துச் சின்னக் கத்தி,
அதைக்கூட அவள் உருவவில்லை.

கையெழுத்திட்டேன்.
பிறகு நாற்பத்து மூன்று பெயரையும்
ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு எழுதினேன்:
தாள் திங்கள் முதலே இருந்தது. பார்க்காதது நான்.
நொம்புசோ, எல்லோர் முன்னும் கத்தினேன்,
எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்கிறேன்.
நான்காம் மாடிக்கு ஏறிப் போனேன்.
நாற்காலி மேல் ஒரு கம்பளிச் சட்டை,
ஆள் எப்போதோ கிளம்பியிருந்தாள்.

கணினியை மூடும்போதுதான் கண்ணில் பட்டது
படிக்காமல் கிடந்த இன்னொன்று.
நான்கு நாற்பத்தொன்றுக்கு வந்தது,
லோகாந்திரனின் தானியங்கிப் பதில்:
நான் இனி அலுவலகத்தில் இல்லை.
அவசரம் என்றால் நொம்புசோவைக் கேளுங்கள்,
கட்டாயம் பதில் போடுவாள்.