கையெழுத்து ஏன் நடுங்குகிறது

எங்கள் சங்கத்துக்கு அறை கிடையாது.
கானிங்கிலிருந்து வரும் விடியற்கால லோக்கலில்
பின்னாலிருந்து இரண்டாவது பெட்டி, பெண்களுடையது.
குட்டியாரி ஷரீஃபில் ஏறினால்
தாகுரியாவில் இறங்கும்வரை கூட்டம்.
முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே
குந்தியிருக்கும் முப்பத்தோரு பேர்,
நின்றபடி தூங்குகிற நாலு பேர்.
தூங்குகிறவள் வாக்கும் செல்லும் என்பது
முதல் தீர்மானம்.

ஏழாம் வகுப்புவரை போனவள் என்று
நோட்டை என் மடியில் வைத்தார்கள்.
சம்பாஹாட்டி தாண்டினால் தண்டவாளம் குதிக்கும்,
எழுத்தும் குதிக்கும்.
தொழிலாளர் அலுவலகக் குமாஸ்தா
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
எழுதினவங்களுக்கு உடம்பு சரியில்லையா?
கை இப்படி நடுங்குதே.
கை இல்லை சார், சோனார்பூர் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
முகவரிக் கட்டத்தில்
வண்டி எண்ணை எழுதியிருந்தோம்.
அதை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சம்பளம், பூஜை போனஸ், மாதம் நாலு நாள் விடுப்பு,
பேச வேண்டியது நிறைய இருந்தது.
அன்வாரா பீபிதான் குறுக்கிட்டாள்:
அதெல்லாம் இருக்கட்டும்,
ஒண்ணுக்குப் போக இடம் கேளுங்க.
பெட்டி சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
ஐந்து வீட்டுக் கழிப்பறையைத் தேய்க்கிறேன்,
ஐந்திலும் என் முகம் பளபளவென்று தெரிகிறது,
ஒன்றில்கூட உட்கார முடியாது.
அதனால் தண்ணீரை விட்டுவிட்டேன்.
சர்க்கரை வியாதிக்காரி தண்ணீரை விட்டால்
என்ன ஆகும் என்பதை
ஜன்னலோரத்து நர்ஸ் ஒருத்தி சொன்னாள்.
கரியா வரும்வரை யாரும் பேசவில்லை.

புதன்கிழமை, காலை பத்து மணி.
ஜாதவ்பூரில் ஒரே கட்டிடம், பதினோரு வீடு.
கொடி இல்லை, கோஷம் இல்லை.
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப்
பதினோரு பேரும் ஒரே வாக்கியம்:
அண்ணி, பாத்ரூம் போகலாமா?
(அண்ணி என்றுதான் கூப்பிடுகிறோம்,
உறவுமுறைக்குக் காசு கேட்பதில்லை.)

ஆறு வீட்டில், போயேன், இதிலென்ன கேட்பது என்றார்கள்,
இத்தனை வருஷம் கேட்காதது எங்கள் தப்பு போல.
நாலு வீட்டில் காவலாளியின் தகர மறைப்பைக் காட்டினார்கள்.
நாலாம் மாடியில்
புஷ்போராணியின் கணக்கைத் தீர்த்தார்கள்.

அந்தக் கதவை இனி யாரும் தட்டக்கூடாது.
எல்லோரும் கை தூக்கினோம்,
தூங்கியவர்களின் கையைத் தூக்கிவிட்டோம்.
தீர்மானம் எண் ஒன்பது.
என் எழுத்தில்தான் இருக்கிறது.

அதற்குக் கீழே நான் எழுதாதது ஒன்று.

பத்தொன்பதாம் நாள் அந்தக் கதவைத் தட்டினேன்.
மகனின் பரீட்சைக் கட்டணம் என்று சொல்லலாம்.
லிஃப்டில் எங்களை ஏற்றமாட்டார்கள்,
நாலு மாடியும் அதையே சொல்லிக்கொண்டு ஏறினேன்.
தொட்டி நிறைய
நிறம் மாறிப்போன பாத்திரங்கள்.
ஒரு வேளை வேலைக்கு முந்நூறு ரூபாய்,
அவள் பேரமே பேசவில்லை.
கிளம்பும்போது கேட்டேன்:
அண்ணி, பாத்ரூம்?
கீழே போ.
படி இறங்கும்போதுதான் தெரிந்தது,
எனக்கு அவசரமே இருந்திருக்கவில்லை.

மறுநாள் பியாலியில்
புஷ்போவுக்காகத் துணி விரித்தார்கள்.
பத்து ரூபாய்த் தாள், சில்லறை,
நடுவே நாலாக மடித்த மூன்று நூறு.
யார் போட்டது என்று கேட்டுக் கேட்டு எண்ணினாள்.
மீன்கூடைக்காரி ஒருத்தி,
எண்ணினது போதும், முடிந்துகொள் என்றாள்.
பரீட்சைக் கட்டணம் இன்னும் கட்டவில்லை.

இப்போது முகவரி கிடைத்துவிட்டது,
அன்வாராவின் மருமகன் சைக்கிள் கடை.
திங்கட்கிழமை நோட்டைத் திரும்பவும் கொண்டுபோகிறோம்.
குமாஸ்தா பக்கம் பக்கமாகப் புரட்டுவார்.
எல்லா நடுக்கத்துக்கும் என்னிடம்
ஒரு ஸ்டேஷன் பெயர் இருக்கிறது.
அந்த வரிக்கு மட்டும்,
வரவு, புஷ்போராணி மொண்டல் உதவிக்கு,
என்று எழுதிய அந்த வரிக்கு மட்டும்,
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
வண்டி அப்போது
சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது.