காலிக் கட்டம்

விளக்கை அணைத்துவிட்டு வந்து நின்றது ஜீப்.
முதலில் நாய்க்குக் கேட்டது,
அப்புறம் எனக்கு.
கைப்பேசியில் மணி பார்த்தேன்: நாலு நாற்பது.
நூறுநாள் வேலையில் வருகைப் பதிவு எழுதுகிறவள்,
எது நடந்தாலும் மணிதான் முதலில் பார்ப்பேன்.

"வேம்பையன் யாரு?"
இவர் அப்போதுதான் மடை திறந்துவிட்டு வந்து
கால் கழுவாமல் நின்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி
வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை என்று
நீடாமங்கலம் சாலையில் உட்கார்ந்த நாற்பத்தோரு பேரில்
இவர் பதினேழாவது.
இவருக்கே மறந்துவிட்டது.
தண்ணீருக்குத் தெரியவே தெரியாது,
அந்த வருஷம் அது வரவில்லை.
கோர்ட்டுக்கு மறக்கவில்லை.
சம்மன் வந்ததா என்றால் வரவில்லை.
கொடுத்ததாக யாரோ எழுதியிருக்கிறார்கள்.

"பிடிவாரண்ட்டைக் காட்டுங்க."
எஸ்.ஐ. என் தம்பி வயசு.
சலிப்போடு டார்ச் அடித்துக் காட்டினார்.
முத்திரை, கையெழுத்து,
தங்கையன் மகன் வேம்பையன். சரிதான்.
விலங்கை எடுத்த ஏட்டையாவிடம்
"ராத்திரி பூரா தண்ணி கட்டுன மனுஷன்,
எங்க ஓடப் போறாரு" என்றேன்.
விலங்கு பைக்குள் திரும்பிப் போனது.
சட்டமா, அந்நேரத்துச் சோம்பலா, தெரியாது.

பிறகு தாளை நீட்டினார்கள்.
பிடிபட்டவர் பெயர், இடம், காரணம்,
தகவல் பெற்ற உறவினர், சாட்சி.
எல்லாம் எழுதியிருந்தது,
நேரம் என்ற கட்டம் மட்டும் வெள்ளையாக.

"அதை ஸ்டேஷன்ல போட்டுக்கலாம்மா. கையெழுத்துப் போடுங்க."

எனக்குக் காலிக் கட்டத்தைத் தெரியும்.
ஆப் வராத காலத்தில், ஒரு தை மாசம்,
பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான அஞ்சலைக்கு
விட்டுவைத்த கட்டத்தில்
சாயங்காலம் நானே டிக் போட்டேன்.
வாய்க்கால் வெட்டாத கைக்குக் கூலி போனது.
நல்லதுக்குத்தான் செய்தேன்.
நல்லதுக்கு என்றுதான் எல்லோரும் செய்கிறோம்.
வெள்ளையாகக் கிடந்தால்
அதில் எந்த நாளும் முளைக்கும்.
இன்றைய விடியல் நாளை சாயங்காலம் ஆகும்,
இருபத்து நாலு மணி நேரம் நாற்பதாகும்,
இடையில் கிடந்த இரவு எந்தத் தாளிலும் இராது.

பேனாவை வாங்கி
கையெழுத்துக்கு முன் அதை எழுதினேன்.
4.40. பக்கத்தில், காலை.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.
ஏட்டையா இருமினார்.
நகல் கேட்டதற்குக் கார்பன் இல்லை என்றார்கள்.
படம் பிடித்துக்கொண்டேன்,
ஓரத்தில் என் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
ஜீப் முக்கால் மணி நேரம் நின்றதாம்.
பயண நேரம் கணக்கில் சேராது என்றார்
இலவசச் சட்ட உதவி வக்கீல் ரோஸ்லின்.
யார் கணக்கில் என்று கேட்க நினைத்தேன்,
அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் ஏறும்போது
கால் சேறு காய்ந்து உதிர்ந்தது.
அடித்தார்களா என்று கேட்டார் நீதிபதி. இல்லை.
எப்போது பிடித்தார்கள்?
இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.
"சரி, இதிலேயே இருக்கு" என்று
நீதிபதி அடுத்த தாளைப் புரட்டினார்.
வாரண்ட் ரத்து.
வாய்தா செப்டம்பர் பதினெட்டு,
குறுவை அறுக்கிற வாரம்.

பஸ்ஸில் இவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"மடையை யாராச்சும் அடைச்சாங்களா?"

யாரும் அடைத்திருக்கவில்லை.
பக்கத்து வயல் கலியமூர்த்தி
முழங்கால் தண்ணீரில் நாற்று மிதக்க
வரப்பில் காத்திருந்தார்,
போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் போவதாக.