கலங்கல்

தை பிறந்து நாலாம் நாள்
சீமெந்து நிலத்தில் ஒரு சொட்டு.
பிறகு கதவடியில் ஒன்று,
சாக்குக்குப் பக்கத்தில் மூன்று.
காலில் ஏதோ வெட்டிவிட்டதென்று
கச்சானைப் பிடித்து மல்லாத்தி
நாலு பாதமும் விரல் விரலாய்ப் பார்த்தேன்.
இந்தக் காணியில் இன்னும்
மழைக்குப் பிறகு துருத்தகரம் மேலுக்கு வரும்.
பாதத்தில் ஒன்றுமில்லை.
அவள் தலையைத் திருப்பித்
தன் பின்பக்கம் நக்கினாள்.
நான் கையை எடுத்துவிட்டேன்.

குழாய்க்கிணறு அடிக்கிறவன் நான்.
ஒட்டுசுட்டான் சந்தி மருந்துக்கடையில்
என்ன கேட்பதென்று தெரியாமல்
பனடோல் ஒரு அட்டை வாங்கித் திரும்பினேன்.
பழைய சாரத்தைக் கிழித்து விரித்தேன்.
அவள் அதில் படுக்கவில்லை.
வெறும் நிலத்தில் கிடந்து
சொட்டச் சொட்ட நாக்கால் துடைத்தாள்,
என்னைவிடத் துப்புரவாக.

மூன்றாம் நாளே கேற்றடியில் கூட்டம்.
மளிகைக்கடை ஒற்றைக்காதன்.
ஆமிக் காம்ப்பில் சோறு தின்று கொழுத்த வெள்ளையன்.
கற்சிலைமடுப் பக்கமிருந்து
வாய்க்கால் சேறு காயாமல் வந்த ஒருவன்.
ஆர் சொல்லி அனுப்பியது இவங்களுக்கு?
கச்சான் எல்லாருக்கும் பல்லைக் காட்டினாள்,
வாலைக் காலிடுக்கில் அமத்திக்கொண்டு
இருந்துவிட்டாள்.
நல்ல பிள்ளை என்று எனக்கொரு பெருமை.
வெட்கங்கெட்ட பெருமை.

நூற்றிருபது அடியில் கருங்கல் தட்டிய நேரம்
மிருக வைத்தியர் பிருந்தாஜினி ஃபோனில் வந்தார்.
கொம்பிரசர் இரைச்சலுக்குள்
"இரத்தம் நிற்கும்" கேட்டது.
"ஒன்பது பத்து நாளில்" கேட்டது.
அதற்குப் பிறகு சொன்னதைக்
கருங்கல் தின்றது.

பத்தாம் நாள் நிலம் வெளித்தது.
வைக்கோல் கழுவின தண்ணிபோல் ஒரு ஈரம்,
அவ்வளவுதான்.
முடிந்ததென்று கேற்றைத் திறந்தேன்.
நேரே போய்
ஒற்றைக்காதனுக்கு முன்னால் நின்று
வாலை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

ஆரும் பிடிக்கவில்லை. ஆரும் கட்டவில்லை.
பத்து நாள் பல்லைக் காட்டினவள்
தானே ஒதுக்கினாள்.

எத்தனை வளவில் சொல்லியிருப்பேன்,
"அண்ணை, முதல் வாறது செங்கலங்கல்,
அதைப் பார்த்து ஒண்டும் நினைக்காதேங்கோ,
தெளிஞ்சு வந்தாத்தான் கிணறு ஆயத்தம்."
சொன்ன வாய் இதுதான்.

றோட்டு நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்,
ஆளுக்கொரு திசை பார்த்து.
ரியூசன் விட்ட பெடியள் கல் பொறுக்கினார்கள்.
ஒருத்தன் வாளியோடு ஓடிவந்தான்.
நான் குறுக்கே போய் நின்றேன்.
இறக்கின குழாய் சிக்கினால்
இழுக்கிறவன் மடையன்;
பொறுத்தால் தானே விடும்.
மாங்குளம் பஸ் ஹோன் அடித்தது.
"காவலோ அண்ணை?" என்றான் கண்டக்டர்.
"ஓம்."
இருபது நிமிசம், உச்சி வெயில்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
வாய்க்கால் பக்கம் பார்த்தபடி நின்றாள்,
பஸ்ஸுக்கு நிற்பவளின் முகத்தோடு.

மற்ற நாள் வெள்ளையன்.
அதற்கடுத்த நாள் நான் எண்ணவில்லை.

பங்குனி வெயிலுக்கு ஐந்து குட்டி.
ஒன்று பால் வெள்ளை.
இரண்டுக்கு முகம் அப்படியே மளிகைக்கடை.
"ஒரு வயிற்றில ரெண்டு தகப்பன் இருக்கலாம்,"
வைத்தியர் சிரிக்காமல் சொன்னார்.
"முந்தியும் சொன்னனான்,
மூண்டு கிழமை பூட்டி வைக்கச் சொல்லி.
இப்ப பால் வத்தட்டும்.
ஆடியளவில திரும்ப வரும்,
அதுக்கு முதல் ஒப்பரேசனுக்குக் கொண்டுவாங்கோ."

உரக்கடைக் கலண்டரில்
ஆடி மாதத்தைப் பென்சிலால் வளைத்தேன்.
என்ன எழுதுவதென்று
கனநேரம் யோசித்தேன்.
வந்த சொற்கள் எல்லாம்
ஒன்றில் ஏச்சு, ஒன்றில் வைத்தியம்.
கடைசியில் 'கச்சான்' என்று மட்டும் எழுதினேன்.

மோட்டர் திருத்தக் கொண்டுவந்த தவயோகம்
கலண்டரை நிமிர்ந்து பார்த்தார்.
"ஆடியிலயோ கச்சான் போடப்போறாய்?
ஆரடா உனக்குச் சொன்னது?"

பேர் கேட்டு அவள் தலையைத் தூக்கினாள்.
ஐந்து வாயும் முலையை விடவில்லை.