கியர் மாறும் இடம்

பத்தொன்பது வருடம்
இந்தப் பாலத்தைத் தூங்கியபடியே கடந்திருக்கிறேன்.
பிறையில் ஏறுவேன். கம்பெனி பஸ், நீலம்,
இடப்பக்கம் ஆறாவது ஜன்னல்.
கண்ணாடியில் என் தலையெண்ணெய்
ஒரு வட்டம் போட்டிருக்கும்.
பாயான் லெப்பாஸில் யாராவது தோளைத் தட்டுவார்கள்.
நடுவில் கடல் இருந்ததாகச் சொல்வார்கள்.

இன்று அதிகாலை மூன்று மணி.
பனியனில் நான்கு ஊக்குகளோடு ஓர் எண்.
ஹூய் லெங் ஒரு டப்பாவை நீட்டி
'தடவிக்கோ, உரசும்' என்கிறாள்.
எங்கே என்று சொல்லவில்லை.
ஏழாவது கிலோமீட்டரில் தெரிந்தது எங்கே என்று.

ஹாரன் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள்.
கூட்டம் ஓடினால் கால் கேட்காமல் கூடவே போகிறது.
முதல் மூன்று கிலோமீட்டர் நான் ஓடவே இல்லை;
பக்கத்தில் வந்த சிவப்புக் காலுறைக்காரனின் ஓட்டத்தைக்
கடன் வாங்கியிருந்தேன்.
பதினாறில் வட்டி கட்டினேன்.

பாலத்துக்கு ஒரு மேடு இருக்கிறது.
யாரும் சொன்னதில்லை.
வரைபடத்தில் அது ஒரு கோடு,
பஸ்ஸில் அது ஒரு தூக்கம்,
காலுக்கு மட்டும்தான் மேடு.
போகும்போது ஒருமுறை,
திரும்பும்போது, கொஞ்சமும் இரக்கமில்லாமல், இன்னொருமுறை.
காற்றில் சேறும் டீசலும்.
கீழே ஒரு மீன்பிடிப் படகின் ஒற்றை விளக்கு
என்னைவிட மெதுவாகப் போனது.
அதற்காகவே அதை எனக்குப் பிடித்தது.

தண்ணீர் மேசையில் பள்ளிப் பையன்கள்:
'போலே, காக், போலே!'
முடியும் என்கிறார்கள்,
என் முகத்தைப் பார்த்துவிட்டா, பார்க்காமலா?
ஓடிக்கொண்டே குடித்தேன். பாதி மூக்கில் ஏறியது.
நின்று குடி.
நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.
இதை முப்பது வயதில் யாராவது சொல்லியிருக்கலாம்,
அப்போது நான் கேட்டிருக்க மாட்டேன்.

பதினாறு.
பின்னால் ஒரு வெளிச்சம், நடைவேகத்தில்.
நேரம் தவறியவர்களைப் பொறுக்கிக்கொண்டு வரும் பஸ்.
நீலம்.
எங்கள் பஸ் இல்லை, அதே ரகம்;
கதவு அதே பெருமூச்சோடு திறந்தது.
உள்ளே ஏழெட்டுப் பேர்
காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
ஒருவரையொருவர் பார்க்காமல்.
'நாயிக், காக்?' ஏறிக்கிறீங்களா.
டிரைவரின் குரலில் கேலியே இல்லை. அதுதான் கஷ்டம்.

என் உடம்புக்கு அந்தப் படியின் உயரம் தெரியும்.
வலது கால் தானாக எழும்பியது.
ஆறாவது ஜன்னல் காலியாக இருந்ததை
நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

'செகெஜாப்' என்றேன்.
ஒரு நிமிஷம்.
மிச்ச ஐந்து கிலோமீட்டரும்
அந்த ஒரு நிமிஷத்தைத்தான் ஓடினேன்.
அவர் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே வந்தார்,
என் நிழலை எனக்கு முன்னால் நீட்டிப் போட்டபடி.
அந்த நிழலுக்கு நல்ல கால்கள்.

மனவுறுதி என்றாள் ஹூய் லெங் பிறகு.
இல்லை.
ஏறினால் தூங்கிவிடுவேன் என்ற பயம்.

முடிவுக் கோட்டில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.
ஒரு பதக்கம், ஒரு வாழைப்பழம், காகிதக் குவளையில் மைலோ.
அழவில்லை.
மதியம் பிளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போய்
நான்கு மாடி ஏறும்போதும் அழவில்லை.
சாயங்காலம் குப்பை கொட்ட இறங்கும்போதுதான்,
இரண்டாவது படியில்,
பின்பக்கமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்து,
ஒரு குழந்தையைப் போல இறங்கியபடி.

திங்கள்கிழமை கேண்டீனில்
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே
முத்தரசன் கேட்டான்:
'பாதிதானா? மிச்சத்த ஏன் விட்ட?'
ஷூவுக்குள் ஒரு நகம் கறுத்திருந்தது.
அதை அவனுக்குக் காட்டவில்லை.
'மிச்சம் அங்கேயேதான் இருக்கு' என்றேன்,
சாம்பலை என் பக்கம் இழுத்துக்கொண்டு.

வீடு திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல் தூங்கினேன்.
ஒருநாள் ஓடியதால் யாரும் வேறு ஆளாகிவிடுவதில்லை.
பாலத்தின் நடுவில் எங்கோ
டிரைவர் கியரைக் குறைத்தார்.
என் தொடை விழித்துக்கொண்டது,
எனக்கு முன்பே.