சிவப்புக் கோடு

கனகாம்பிகையின் கோவை
மூன்றாம் முறையும் என் மேசைக்கு வந்திருக்கிறது.
நாடா வெளுத்துவிட்டது.
உள்ளே பதினொரு வருடத்துக் கடிதங்கள்.

முதலாவது எங்களுடையது:
*அறிவித்தலின்றிச் சமூகமளிக்காமையால்
தாங்கள் பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுகிறீர்.*
முகவரி: எட்டாம் வாய்க்கால், உருத்திரபுரம்.
பதிவுத் தபால்.
அந்த ஆடியில் எட்டாம் வாய்க்காலில்
தண்ணீர் இல்லை, தபால்காரன் இல்லை,
தட்டுவதற்கு அவவின் வீட்டில் கதவு இல்லை.
*சென்றடைந்ததாகக் கொள்க* என்று
ஓரத்தில் யாரோ பச்சை மையால் எழுதியிருக்கிறார்.

தட்டச்சு செய்தது நான்.
வவுனியாவில், மின்விசிறிக்குக் கீழே.
அவ அப்போது செட்டிக்குளத்தில்
கையில் மாக்கட்டோடு முகாமுக்குள் இருந்திருக்கிறா.
எனக்குத் தெரியாது.
கேட்கவும் இல்லை.

மேன்முறையீட்டோடு அவ அனுப்பியது
ஒரு வரவு இடாப்பு.
யூரியாப் பையில் சுற்றி, சணலால் கட்டி.
கிளிநொச்சி நீர்ப்பாசன அலுவலகத்து இடாப்பு.
தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு,
சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன்;
ஊர் மாறமாற மேல்மூலையில்
அலுவலக விலாசத்தை வெட்டி வெட்டி எழுதியிருக்கிறா.
ஒவ்வொரு நாளும் ஒரு கையெழுத்து.
ஒவ்வொரு நாளும் எட்டரைக்குக் கீழே ஒரு கோடு.
சிவப்புப் பேனை முடிந்த நாளிலிருந்து
பென்சிலால் கீறி, பக்கத்தில்
*சிவப்பு* என்று எழுதியிருக்கிறா.

இரண்டு பக்கங்களில் மண்.
ஒரு பக்கத்தில் மண் இல்லாத வேறொன்று.
பிரதி எடுக்கும் பெடியன்
அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டான்.

திணைக்களம் குற்றப்பத்திரம் வரைந்தது.
ஒன்று: கடமைக்கு வரவில்லை.
இரண்டு: அனுமதியின்றி அரச ஆவணத்தை அகற்றினார்.
மூன்று: பதவிநிலை அலுவலர் மட்டுமே கீறக்கூடிய கோட்டைக்
காவற்பணியாளர் ஒருவர் கீறினார்.

விசாரணையில் அவ கேட்ட ஒரேயொரு கேள்வி
குறிப்பில் கிடக்கிறது:
"வேலைக்கு வராதவளிட்ட
இடாப்பு எப்பிடி ஐயா வந்தது?"
பதில்: *பொருத்தமற்றது.*

நாற்பத்தோராம் பக்கத்தை
இதுவரை ஒருவரும் வடிவாய்ப் பார்க்கவில்லை.
மாசி மாதம், சுதந்திரபுரம்.
அவவின் பெயருக்கு மேலே இன்னொரு பெயர்,
ஆறு நாள்.
பதுங்குகுழி வாசலில் தறப்பாளை உயர்த்தி
என்னிடம் பேனையை நீட்டியது நினைவிருக்கிறது:
"எட்டரைக்கு இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு.
வையுங்கோ."
சிரித்தபடி வைத்தேன்.
ஆறாம் நாள் இரவு களப்பு வழியே வந்துவிட்டேன்.

அந்த மாதத்துச் சம்பள நிலுவை எனக்குக் கிடைத்தது.
ஒரு சத்தியக்கடதாசி போதுமாய் இருந்தது.
நான் எங்கே வேலை செய்தேன் என்றோ
கோட்டை ஆர் கீறினது என்றோ
ஒருவரும் கேட்கவில்லை.

நியாயசபைக்கு இன்று அனுப்ப வேண்டும்.
இணைப்புகளில் நாற்பதும் நாற்பத்திரண்டும் இருக்கின்றன.
நாற்பத்தொன்று என் லாச்சிக்குள்.

வெளியே வாங்கில்
எட்டு மணியிலிருந்து இருக்கிறா.
வளைந்து பொருந்திய அந்தக் கையை
மடியில் வைத்துக்கொண்டு
சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறா,
பழக்கம்.

உதவிப் பணிப்பாளர்
சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றுகிறார்.
நான் இன்றைக்கு இன்னும்
கையெழுத்து வைக்கவில்லை.