இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து

எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
முதலியார்பேட்டையில் மூன்றாவது மாடி.
யாரோ எங்கேயோ எழுதிய ஆங்கில வாக்கியங்கள்
நாலு கோடி.
ஒரு சொல்லைப் பிடித்தால்
இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து
யார் யார் நிற்கிறார்கள் என்று
மெஷின் அள்ளிப் போடும். நான் சரிபார்ப்பேன்.
முற்றுப்புள்ளியைத் தாண்டி எண்ணக் கூடாது.

'ஆஃப்' வந்தால் நாலுக்கு ஒரு தடவை
அடுத்து நிற்பது 'த'.
அத்தனை நெருக்கம்.
ஆனால் இரண்டும் சேர்ந்து
எதுவுமே சொல்வதில்லை.

மழைக்கு 'ஹெவி'. டீக்கு 'ஸ்ட்ராங்'.
மாற்றி வைத்தால் ஒட்டாது.
ஏன் என்று வயலட்டைக் கேட்டேன்.
"ஏன்லாம் இல்ல, பழக்கம்" என்றாள்
ஹெட்போனைக் கழற்றாமல்.
கீழே டீக்கடையில் சகாயம்
ஆறாம் வகுப்போடு நின்றவர்,
"ஸ்ட்ராங்கா ரெண்டு" என்று உள்ளே குரல் கொடுக்கிறார்.
ஒரு நாளும் தப்பியதில்லை.

'காஸ்' என்று ஒரு சொல்.
தனியாகப் பார்த்தால் ஒரு பாவமும் அறியாதது.
அக்கம்பக்கம் பார்த்தால்
டேமேஜ், டிலே, ட்ரபுள், பெயின்.
சகவாச தோஷம்.
நல்லது எதையும் யாரும் அதன் பக்கத்தில்
உட்கார வைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த கோப்பு 'மியூச்சுவல்'.
ஃபண்ட் முதலில். பிறகு ஃப்ரெண்ட்,
ரெஸ்பெக்ட், அக்ரிமெண்ட், இன்னும் சில.
ஒன்பதாவதாகத்தான் 'கன்சென்ட்'.
மஞ்சக்குப்பம் வக்கீல் ரங்கபாஷ்யம்
ஜெராக்ஸ் சூடு ஆறாமல் கொடுத்த மனுவில்
அதுதான் முதல் வரி.
நாலாம் பத்தியில் என் பெயர்
பவளக்கொடி.
இளம்பரிதி ஆறு சொல் தள்ளி.

ஐந்துக்குள் இல்லை. மெஷினாக இருந்தால் விட்டிருக்கும்.

'த', 'அண்ட்' போன்ற பொடிகளைக் கழித்துவிட்டு
எண்ணுகிற கம்பெனிகளும் உண்டு.
கழித்துப் பார்த்தேன். மூன்று.
எங்கள் கம்பெனி கழிப்பதில்லை.
கையெழுத்துப் போட்டேன்,
வக்கீல் விரல் வைத்த இடத்தில் எல்லாம்.

இன்று ஆறரை மணி பஸ்.
அரியாங்குப்பம் தாண்டுமுன் மழை பிடித்துக்கொண்டது.
பின் சீட்டில் ஒரு பையன் போனில்:
"கட் பண்ணாத. ட்ரை பண்றேன்னு சொன்னேன்ல.
நீ ஏன் ஃபீல் பண்ற?"
எந்த ஆங்கிலச் சொல் ஏறினாலும்
வலப்பக்க சீட்டில் ஒரே ஆள்,
பண்ணு.
டிக்கெட் கேட்காது, இடம் கேட்காது,
யார் வந்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளும்.
நாலு கோடியில் ஒருமுறைகூட
என் திரைக்கு வராத சொல்.

தவளக்குப்பத்தில் ஏறியவள்
ஈரக் கூடையை என் காலடியில் தள்ளி
"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றாள்.
சங்கரா மீன் வாடை.
எட்டு வருஷம் எல்லாரும் எனக்குச் சொன்ன
அதே ஜோடி.
இவள் சொன்னபோது மட்டும்
கோபம் வரவில்லை. காலை மடக்கிக்கொண்டேன்.

கிருமாம்பாக்கத்தில் போன் அதிர்ந்தது.
"குடை இருக்கா"
அவ்வளவுதான். இளம்பரிதி எப்போதும்
கேள்விக்குறி போட மாட்டான்.
'ஹெவி' என்று தட்டினேன்.
அடுத்த சொல்லைப் போனே நீட்டியது.
அதைத் தொடவில்லை.
ஹெவியையும் அழித்தேன்.
"இல்ல" என்று எழுதி
அதற்குப் பிறகு என்ன வரும் என்று
ரெட்டிச்சாவடி வரைக்கும் யோசித்தேன்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் சிக்னல் இல்லை.
கண்ணாடி விளிம்பில் மழை உள்ளே இறங்கி
மீன்காரியின் தோளையும் என் தோளையும்
ஒன்றாக நனைத்துக்கொண்டிருந்தது.